சுவர் தடுத்தது யாரை?

2020 ஏப்ரல் கடைசியில் வேலூர் மாவட்ட நிர்வாகம் ஒரு விசித்திரமான காரியம் செய்தது. ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்துக்குப் போகும் சாலைகளின் குறுக்கே, குடியாத்தம் பக்கம் சைனகுண்டாவிலும் பொன்னை அருகிலும் சுவர் எழுப்பியது. கொரோனாவைத் தடுக்கத்தான். சித்தூர் தரப்பில் ஆட்சேபம் கிளம்பவே, சில நாட்களில் சுவரை இடித்துவிட்டார்கள்.

வேடிக்கை என்று சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். சித்தூர்க்காரர்களால் அது முடியவில்லை. பெரிய நோய் என்றால் அவர்கள் ஓடுவது வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு. 1953 வரை இரண்டும் ஒரே சென்னை மாகாணம். வீட்டில் தமிழும் கடைவீதியில் தெலுங்கும் பேசும் குடும்பங்கள் இங்கே ஏராளம். செக்போஸ்ட்டில் நிற்கும் மனிதர் காய்ச்சல்காரர் யார், டயாலிசிஸுக்குப் போகிறவர் யார் என்று விசாரித்து அனுப்புவார். சுவர் விசாரிக்காது.

கட்டுப்பாடே வேண்டாம் என்பதல்ல என் கட்சி. திருப்பதி ரூயா ஆஸ்பத்திரியில் 2021 மே 10 இரவு நடந்ததை அறிந்தவர்கள் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வரவேண்டிய ஆக்சிஜன் டேங்கர் தாமதமானது. குழாயில் அழுத்தம் குறைந்தது. அரசுக் கணக்குப்படியே 11 நோயாளிகள் இறந்தார்கள். நோய் பொய்யல்ல என்பதற்கு அது சாட்சி. எல்லை தாண்டி வரும் உதவியை நம்பித்தான் இந்த ஊர்கள் உயிர் வாழ்கின்றன என்பதற்கும் அதுவே சாட்சி.

கேள்வி, எந்தக் கட்டுப்பாடு நியாயமானது என்பதுதான். அதற்குத் திருமலையே நல்ல பாடம். 2020 மார்ச் 20 அன்று அங்கே பக்தர்களுக்கு தரிசனம் நிறுத்தப்பட்டது. பூஜைகள் ஏகாந்தமாக நடந்தன. ஜூன் 11ல்தான் பொதுமக்களுக்கு மறுபடி வழி திறந்தது. ஏறக்குறைய 80 நாட்கள். பக்தர்களையே நம்பிப் பிழைக்கும் ஊர் அதைத் தாங்கிக்கொண்டது. 300 ரூபாய் டிக்கெட் வாங்குகிறவருக்கும் இலவச வரிசையில் நிற்கிறவருக்கும் கதவு ஒரே மாதிரி சாத்தியிருந்ததே காரணம்.

முணுமுணுப்பு பிறகுதான் ஆரம்பித்தது. ஆந்திரத்தில் மதுக்கடைகள் மே 4ஆம் தேதியே திறந்துவிட்டன. விலையை 75 சதவீதம் ஏற்றியது கூட்டத்தைக் குறைக்கத்தான் என்றது அரசு. ஜூலையில் அர்ச்சகர்களுக்கும் தேவஸ்தான ஊழியர்களுக்கும் தொற்று பரவியது. தரிசனத்தை நிறுத்தச் சொன்னார் ரமண தீட்சிதுலு. தேவஸ்தானம் இணங்கவில்லை. அதே ஜூலை 21 முதல் ஆகஸ்ட் 5 வரை திருப்பதி நகரம் முடக்கப்பட்டது; காலை 11 மணிக்கு மேல் கடைகளுக்குப் பூட்டு. மலைக்குப் போகும் பக்தர்களுக்கு மட்டும் தடையில்லை. எண்ணிக்கையை வரையறுத்து, இடைவெளி விட்டு அனுப்புகிறோம் என்ற விளக்கத்தில் தர்க்கம் இல்லாமல் இல்லை. ஆனால் இத்தனை பேர்தான் என்று எண்ணி அனுப்பும் ஏற்பாடு மலைமேல் செல்லும் என்றால், அடிவாரத்து இட்லிக் கடைக்கு ஏன் செல்லாது?

அடுத்த ஆண்டு நடந்தது இன்னும் உறுத்துகிறது. 2021 ஏப்ரல் 12 முதல் திருப்பதிக் கவுன்ட்டர்களில் இலவச தரிசன டோக்கன் நிறுத்தப்பட்டது. 300 ரூபாய் டிக்கெட் ஆன்லைனில் தொடர்ந்தது. கவுன்ட்டரில் கூட்டம் சேரும், ஆன்லைனில் சேராது என்பது சரியான வாதமே. அப்படியானால் இலவச டோக்கனையும் ஆன்லைனில் தந்திருக்கலாமே? தந்தார்கள், செப்டம்பர் கடைசியில். அந்த மாதம் 8ஆம் தேதிதான் சித்தூர் மாவட்டத்துக்காரர்களுக்கு மட்டும் தினம் 2,000 டோக்கன் கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். ஐந்து மாதம் ஏழையைத் தள்ளி நிறுத்தியது கிருமி அல்ல. யாருக்கும் தோன்றாமல் போன ஒரு சுலபமான ஏற்பாடு.

இந்தச் சம்பவங்களில் ஒரு பொது அம்சம் இருக்கிறது. தொற்று எந்த வழியில் வருகிறது என்று பார்ப்பதைவிட, யாரைத் தடுப்பது சுலபம் என்று பார்த்தார்கள். சாலையில் வருகிறவர், சிறு கடைக்காரர், டிக்கெட் வாங்க முடியாதவர் ஆகியோரைத் தடுப்பது சுலபம். நிர்வாகத்துக்கு அவசரம் இருந்தது, உண்மை. ஆனால் மக்கள் ஒரு உத்தரவை மதிப்பது போலீஸ் லத்திக்காக மட்டுமல்ல. தனக்குள்ள தடை பக்கத்து வீட்டுக்காரருக்கும் உண்டு என்ற நம்பிக்கைக்காக. அது போனால் முகக்கவசம்கூட போலீசைக் கண்டால் மட்டும் மூக்குக்கு ஏறும்.

2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகிவிட்டது. அதாவது, அடுத்த தொற்று வந்தால் மூடுவதற்கு இன்னொரு எல்லை தயார். அப்போது வரும் உத்தரவில் மூன்று வரிகள் கூடுதலாக இருக்கட்டும்: இந்தத் தடை எதற்காக, எந்தத் தேதி வரை, ஆஸ்பத்திரிக்குப் போகிறவரும் அன்றாடங்காய்ச்சியும் யாரிடம் போய் முறையிடுவது. சுவர் கட்டுவதைவிட இதற்குச் செலவு குறைவு.