மேட்டு நிலத்தின் வரம்பு

பஹாங் மாநிலத்துக் கேமரன் மலையில், பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜாவை நோக்கிச் செல்லும் மலைப்பாதையில் கியா பார்ம் சந்தையைக் கடக்கும் பிரயாணி, சாலையோரத்தில் குவிந்து கிடக்கும் முட்டைக்கோஸையும் தக்காளியையும் கண்டு மகிழ்வானேயன்றி, அவை விளைந்த சரிவுகளை நிமிர்ந்து நோக்குவது அபூர்வம். நோக்கினால், ஒருபுறம் மண்ணை இறுகப் பற்றி நிற்கும் தேயிலைச் செடிகளும், மறுபுறம் படிப்படியாக வெட்டிய செம்மண்ணும் அதன்மேல் பிளாஸ்டிக் கூரைகளும் தென்படும்.

1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தோற்றுவித்த போ நிறுவனத்தின் சுங்கை பாலாஸ் தோட்டம் இங்கிருந்து அதிக தூரமில்லை. விடியற்காலைப் பெரட்டு, கிராணியின் பெயரேடு, தண்டலின் அதட்டல் என்று நம்மவர்களின் வாழ்வைக் கட்டியாண்ட தோட்டத்து நியதிகள் பல கொடுமையானவை. அவற்றை நான் புகழ வரவில்லை. ஆயினும் கொழுந்து கிள்ளுவதற்கு ஒரு நியதி உண்டு: அரும்பும் இரண்டு இலையும் போதும், முற்றிய இலையில் கை வைக்கலாகாது. பேராசைப்பட்டு மொட்டையடித்தால் செடி தளர்ந்து, அடுத்த சுற்றில் அதே நிரையில் கூடை நிறையாது. மீறியவனை அந்த மீறுதலே தண்டித்துவிடுகிறது.

காய்கறி நிலத்தின் வரம்போ அப்படிப்பட்டதன்று. இங்கே பல விவசாயிகள் பயிரிட்டுவந்தது அரசாங்கத்தின் தற்காலிக நில அனுபோக உரிமத்தின்பேரில்; 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி அது அந்தந்த ஆண்டின் முடிவோடு காலாவதியாகும், பிறருக்கு மாற்றித் தரவும் இயலாது. உரிமம் பெற்ற எல்லையைத் தாண்டிக் காட்டைச் சிறிது வெட்டியவனுக்கு அந்தப் போகத்தில் லாபமே கிட்டுகிறது. மழையில் கரைந்த மண் ஓடைகளின் வழியே இறங்கி, 1963-இல் கட்டிமுடிந்த சுல்தான் அபு பாக்கர் அணையின் ரிங்லெட் ஏரியில் படிந்துகொண்டே போவதை அவன் கண்ணால் காண்பதுமில்லை. தெலோம் ஆற்று நீரும் சுரங்கவழியாக இப்பக்கமே திருப்பப்படுவதால், அந்த ஆற்றுப் பள்ளத்தாக்கின் மண்ணுக்கும் இந்த ஏரியே புகலிடம்.

வண்டல் நிறைந்த ஏரிக்குப் பெருமழையைத் தாங்கும் சக்தி ஏது? 2013 அக்டோபர் 23-ஆம் தேதி, நள்ளிரவு கடந்த வேளையில், நீர்மட்டம் அபாயகரமாக உயர்ந்து மதகுகளைத் திறந்தபோது, அணைக்குக் கீழே பெர்தாம் பள்ளத்தாக்கில் உறங்கிக்கொண்டிருந்த ஜனங்களின் வீடுகளுக்குள் சேறும் வெள்ளமும் புகுந்தன, வாகனங்கள் அடித்துச்செல்லப்பட்டன, உயிர்களும் போயின. ஆற்றின் ஒதுக்கு நிலத்திலேயே சிலர் வீடு கட்டியிருந்தார்கள் என்பதும் மெய்தான். ஆனால் மேட்டில் காட்டை வெட்டியவன் கணக்கைத் தீர்த்தவர்கள் பள்ளத்தில் இருந்தவர்களே.

தன் நஷ்டத்தைத் தானே அனுபவிப்பவனுக்கு அனுபவமே ஆசான். பிறர் நஷ்டத்தில் லாபம் காண்பவனுக்குச் சட்டமும் எல்லைக்கல்லும் அவசியமாவது இதனாலேயே.

பழி முழுவதையும் விவசாயியின் தலையில் சுமத்துவதும் நியாயமன்று. அடுத்த ஆண்டு நிலம் தன்னிடம் இருக்குமா என்று அறியாதவன், சொந்தப் பணத்தைச் செலவிட்டு வடிகாலும் கல்லணைப்பும் கட்டுவான் என்று எதிர்பார்ப்பது எங்ஙனம்? சட்டவிரோத நில ஆக்கிரமிப்புக்கு எதிராக 2014-இல் அரசாங்கம் நடத்திய அதிரடிச் சோதனைகளைவிட, நீண்ட தவணைக் குத்தகையும், அதற்கு நிபந்தனையாக மண்காப்பும், ஆற்றங்கரையில் எவருக்கும் விலக்களிக்காத உறுதியுமே பயன் தரும். பஹாங் அரசு இதைச் செய்ய வேண்டும். அதுவும் அடுத்த பருவமழைக்கு முன்பே செய்ய வேண்டும்.