மறுபடியும் மறுபடியும் வீங்கும் முழங்கால்

1862-ம் ஆண்டிலேயே ரெயில் வந்துவிட்ட ஊர், போத்தனூர். ரெயில்வே குடும்பங்கள் நிறைந்த ஊர். படி ஏறுவதும் பளு தூக்குவதும் அங்கே பலருக்கு அன்றாட வேலை. மாலையில் வாலிபர்களுக்குச் சடுகுடு, கால்பந்து.

இங்கே ஒருவருக்கு முழங்கால் திருகிக்கொண்டால் என்ன ஆகும்? கால் வீங்கும். எண்ணெய்க் கட்டுப் போடுவார். பத்து நாளில் வீக்கம் வடியும். வேலைக்குப் போவார். அடுத்த மாதம் மறுபடியும் வீக்கம்! டாக்டர் ஊசி மூலம் நீரை எடுப்பார். சில வாரங்களில் மீண்டும் நீர்!

இந்த நீர் எங்கிருந்துதான் வருகிறது?

நீர் நோய் அல்ல

மூட்டின் உட்புறத்தில் மெல்லிய உறை ஒன்று உண்டு. அது சுரக்கும் வழவழப்பான நீர், வண்டி அச்சுக்கு இடும் மசகு போன்றது. நல்ல மூட்டில் அது ஒரு தேக்கரண்டிகூட இராது. உள்ளே ஏதாவது கிழிந்தாலோ, உரசினாலோ அந்த உறை அழற்சி அடைகிறது. நீரை அதிகமாகச் சுரக்கிறது.

கூரை ஒழுகினால் வாளி நீரைக் கொட்டினால் போதுமா? உடைந்த ஓட்டை மாற்ற வேண்டாமா?

வீக்கம் சொல்லும் சேதி

அடிபட்ட ஓரிரு மணி நேரத்தில் வீங்கினால், உள்ளே ரத்தம் கசிந்திருக்கலாம், தசைநார் அறுந்திருக்கக்கூடும். மறுநாள் மெதுவாக வீங்கினால், எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பு கிழிந்திருக்கலாம்.

எடுத்த நீரும் சேதி சொல்லும். அதில் ரத்தத்தோடு கொழுப்புத் துளிகள் மிதந்தால், எலும்பு முறிந்திருக்கலாம். கலங்கலாக இருந்தால் சீழாக இருக்கலாம். முழங்கால் சூடாகி, காய்ச்சலும் வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக்கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

தொடை மெலிகிறது

நீர் தேங்கினால் முன்தொடைச் சதை சரியாக வேலை செய்யாது. நாளடைவில் மெலியும். பிறகு உடல் பாரத்தை மூட்டே தாங்க வேண்டும். மூட்டு உரசும், மறுபடியும் நீர் சுரக்கும்!

ஆகவே ஆரம்பத்தில் ஓய்வு, துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம், காலை உயர்த்தி வைத்தல். வீக்கம் அடங்கியதும் டாக்டர் சொல்லும் தொடைப் பயிற்சி. வலி போனதும் பயிற்சியை நிறுத்துவதுதான் பலர் செய்யும் தவறு.

கிழிசல் பெரிதானால் ஆபரேஷன் தேவைப்படலாம். அதற்கும் பயப்பட வேண்டியதில்லை. 1918-ல் ஜப்பானிய டாக்டர் தக்காகி, இறந்தவரின் முழங்காலுக்குள் குழாய்க் கருவியைச் செலுத்திப் பார்த்தார். 1962-ல் அவருடைய மாணவர் வாட்டனபே, அதே முறையில் கிழிந்த குருத்தெலும்பை நீக்கினார். இன்று சிறு துளைகள் வழியாகவே அந்த ஆபரேஷன் நடக்கிறது.

சேலம் சின்னப்பம்பட்டி கிரிக்கெட் வீரர் நடராஜனுக்கு 2021 ஏப்ரலில் முழங்காலில் ஆபரேஷன் நடந்தது. ஐ.பி.எல். பந்தயத்தில் எஞ்சிய ஆட்டங்களை விட்டுவிட்டு அவர் சிகிச்சைக்குப் போனார். மறு ஆண்டு அதே பந்தயத்தில் 11 ஆட்டங்களில் 18 விக்கெட்டுகள் எடுத்தார்!

நீரை எடுத்தாயிற்று என்று வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். "இது ஏன் வந்தது, டாக்டர்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சிகிச்சை அங்கேதான் ஆரம்பமாகிறது.