குழந்தைப் படநூலில் நகை: சொல்லும் சொல்லாமையும்

குழந்தைகட்கென இயற்றப்படும் படநூல்களுள் நகைச்சுவை நூல்களே பெரிதும் விரும்பப்படுகின்றன. ஆயினும், அவற்றை எழுதும் முறைபற்றிய பேச்சு ஆராய்ச்சி மன்றங்களில் அரிதாகவே எழுகின்றது. பத்துப் பதினைந்து வரிகளே உடைய ஒரு நூலில் ஆராய்தற்கு என்ன உளது என்னும் எண்ணம் அதற்குக் காரணமாகலாம். வரிகள் சிலவாக இருத்தலே அந்நூலின் அருமை என்பதையும், எதனைச் சொல்வது என்பதினும் எதனைச் சொல்லாது விடுவது என்பதே அதன் ஆசிரியர்க்குக் கடும்பணி என்பதையும் இக்கட்டுரையில் யாம் காட்ட முயல்கின்றோம்.

1. படமுள்ள நூலும் படநூலும்

முதற்கண் ஒரு வேறுபாட்டைத் தெளிதல் வேண்டும். படமுள்ள நூலில் கதை முழுவதும் சொல்லில் அமைந்துவிடும். படம் அணியாக நிற்கும். படத்தை நீக்கினும் கதை குறைவுறாது. படநூலிலோ சொல் ஒரு பாதி. படம் ஒரு பாதி. ஒன்றை நீக்கின் மற்றது பொருள் தாராது.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, ஆங்கில நாட்டுப் பாட் ஹச்சின்சு அம்மையார் எழுதி, தாமே படமும் வரைந்து 1968இல் வெளியிட்ட ‘ரோசீஸ் வாக்’ (ரோசியின் உலா) என்னும் நூல். நூல் முழுவதும் ஒரே வாக்கியம். ஆங்கிலத்தில் 32 சொற்களே. ரோசி என்னும் பெட்டைக்கோழி பண்ணையில் உலாவிவிட்டு உணவு வேளைக்குத் திரும்புகின்றது என்பதே அவ்வாக்கியம் கூறும் செய்தி. படத்திலோ கோழியின் பின்னே ஒரு நரி பதுங்கி வருகின்றது. அது பாயுந்தோறும் ஓர் இடையூறு நேர்கின்றது. மண்வாரியின் காம்பு முகத்தில் அறைகின்றது, குளத்தில் விழுகின்றது, மாவு மூட்டை தலையிற் கொட்டுகின்றது, இறுதியில் தேனீக்கள் துரத்துகின்றன. கோழி இவற்றுள் ஒன்றையும் அறிந்ததாகத் தோன்றவில்லை. நரி என்னும் சொல் நூலில் ஓரிடத்தும் இல்லை.

இந்நூலைப் படிக்கும் நிலையை எண்ணிப் பார்ப்போம். எழுத்தறியாக் குழந்தை தாயின் மடியில் இருக்கின்றது. தாயின் கண் எழுத்தின்மேற் செல்கின்றது; குழந்தையின் கண்ணோ படத்தின்மேல் நிற்கின்றது. ஆகவே, நரியை முதலிற் காண்பது குழந்தையே. கோழிக்குத் தெரியாதது தனக்குத் தெரிகின்றது. படிக்கும் தாயும் அதனைக் கூறவில்லை. நாள் முழுதும் அறியாதவன் எனப் பிறர் கருதத் தான் வாழும் குழந்தை, அப்பக்கத்தில் எல்லாம் அறிந்தவன் ஆகின்றான். அவன் நகைப்பு நரி விழுந்ததற்காக மட்டும் எழுவதன்று. தான் அறிந்தமைக்காகவும் எழுவது.

2. நகையின் நிலைக்களன்கள்

மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதற்கண் வைத்த தொல்காப்பியர், அது தோன்றும் களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கனைக் கூறினார். இந்நான்கும் படநூலுக்கு எவ்வாறு பொருந்தும் என்பது ஆராயத்தக்கது.

எள்ளல் பிறரை இகழ்தலான் வருவது. செருமானியராகிய வில்கெல்ம் புசு 1865இல் தாமே எழுதி வரைந்து வெளியிட்ட ‘மாக்சும் மோரிட்சும்’ என்னும் நூலில் சிறுவர் இருவர் ஏழு குறும்புகள் செய்து பெரியோரை எள்ளுகின்றனர். முடிவில் அவர்கள் ஆலையில் அரைபட்டு வாத்துகட்கு இரையாகின்றனர். எள்ளலின் ஆற்றலும் கொடுமையும் அந்நூலில் ஒருங்கே விளங்கும். ஒருவரது உடற்குறையையோ தொழிலையோ பொருளாகக் கொள்ளுமாயின் எள்ளல் நஞ்சாகும் என்பதை எழுதுவோர் மறத்தலாகாது.

இளமை என்பது மழலை, விளையாட்டு ஆகியவற்றான் பிறக்கும் நகை. ஈண்டு ஒரு வழுக்கல் உண்டு. குழந்தையின் மழலையைக் கேட்டு நகைப்பவர் பெரியோர், குழந்தை அன்று. குழந்தையின் அறியாமையைச் சுவையாக்கி எழுதும் நூல், வாங்குவோரை மகிழ்விக்கும். கேட்கும் குழந்தையை மகிழ்விப்பது அரிது.

எஞ்சியவை பேதைமையும் மடனும். பேதைமை அறிவின்மை. மடனாவது பிறர் கொளுத்தியதைக் கொண்டு, கொண்டதை விடாது பற்றி நிற்றல். நகைச்சுவைப் படநூலுக்கு உயிர்நிலையாவன இவ்விரண்டுமே என்பது எம் கருத்து. இவற்றால் குழந்தை தன்னினும் அறியாத ஒருவரைக் கண்டு அறிவோன் நிலையில் நின்று நகைக்கின்றது. கோழி ரோசியிடம் காண்பது பேதைமை. டாக்டர் சூசு 1960இல் வெளியிட்ட ‘கிரீன் எக்ஸ் அண்ட் ஹாம்’ என்னும் நூல் 50 வெவ்வேறு சொற்களையே திரும்பத் திரும்பக் கோத்து எழுதப்பட்டது. உணவைச் சுவைத்தும் பாராமல் வேண்டா வேண்டா என மறுக்கும் ஒருவனே அதன் தலைவன். கொண்டது விடாமைக்கு அதனினும் தெளிவான காட்டு வேண்டா.

3. பரமார்த்த குருவும் படமும்

இவ்விரு களன்களும் நிறைந்த கதை தமிழில் 18ஆம் நூற்றாண்டிலேயே உண்டு. வீரமாமுனிவர் இயற்றிய பரமார்த்த குருவின் கதையை 1822இல் பாபிங்டன் ஆங்கில மொழிபெயர்ப்புடன் இலண்டனில் பதிப்பித்தார். 1861இல் அக்கதை, ஆல்பிரட் குரோகுவில் வரைந்த ஐம்பது படங்களுடன் அந்நகரிலேயே மீண்டும் வெளிவந்தது. ஆயினும், அது படமுள்ள நூலே. கதை முழுவதையும் சொல்லே கூறிவிட்டது.

இதனைப் படநூலாக்கின் எவ்வாறு அமையும்? குருவும் சீடர் ஐவரும் ஆற்றைக் கடந்து கரையேறுகின்றனர். எண்ணுவோன் தன்னை விட்டு எண்ணுதலின் ஐவரே உளர் எனக் கண்டு அழுகின்றனர். எம் முதுகலை மாணவர்பால் இக்காட்சியைப் படநூற்கு ஏற்ப எழுதுமாறு கூறினோம். பெரும்பாலோர் எண்ணுவோன் தன்னை எண்ண மறந்தான் என்றே எழுதிவந்தனர். யாம் முதலில் எழுதிய வரைவிலும் அவ்விளக்கம் இருந்தது. அவ்வொரு தொடர் புகுந்ததும் நகை மாய்கின்றது. வேண்டுவன ஐந்து எண்ணுப்பெயர்களும் ஓர் அழுகையுமே. படத்தில் அறுவர் நிற்பர். குழந்தை தன் விரலால் தொட்டெண்ணி ஆறு என்று கூவும். அக்கூவல்தான் நூலின் ஆறாம் சொல். அதனை ஆசிரியர் எழுதிவிடலாகாது.

மடனுக்குக் குதிரைப் பயணக் கதை. விழுந்தவற்றையெல்லாம் எடுக்கவேண்டும் என்று குரு பணிக்க, சீடர் குதிரைச் சாணத்தையும் தலைப்பாகையில் ஏந்துகின்றனர். பின் எடுக்கத்தக்கவற்றை ஓலையில் எழுதிக் கொடுக்க, குருவே பள்ளத்தில் விழுந்தபோது அவர் பெயர் ஓலையில் இல்லாமையின் விட்டுவிடுகின்றனர். இங்குச் சொல் ஓலையை மட்டும் படித்தால் போதும். பள்ளத்தில் கிடப்பவரைப் படம் காட்டும்.

4. தமிழ்த் தொடரின் துணை

படநூலில் தாளைப் புரட்டுதல் ஓர் உறுப்பு. ஒரு பக்கம் எதிர்பார்ப்பை எழுப்பும். மறுபக்கம் அதனை நிறைவிக்கும் அல்லது பொய்ப்பிக்கும். இதற்குத் தமிழ்த் தொடரமைப்பு இயல்பாகவே துணை செய்கின்றது. ஆங்கிலத்தில் வினைமுற்று முன்னே வந்துவிடும். பின் வருவன ஒட்டிக்கொள்வன. தமிழிலோ வினையெச்சங்கள் அடுக்கி வர, முற்று இறுதிவரை தாங்கி நிற்கும். கேட்போன் காத்திருத்தல் மொழியின் இயல்பிலேயே உளது.

யானை மெல்ல மெல்ல நடந்து, வாழைத் தோட்டத்துள் நுழைந்து, ஒரு சிறு பழத்தோலின்மேல் காலை வைத்து என எழுதித் தாளைப் புரட்டச் செய்யலாம். மறுபக்கத்தில் ‘தொபுக்கடீர்’ என்னும் ஒரு சொல் போதும். வழுக்கி விழுந்தது என முற்றினை எழுதுதல் மிகை. அம்முற்று படத்தில் இருக்கின்றது. இத்தகைய ஒலிக்குறிப்புச் சொற்கள் தமிழில் மிகுதி. சலசல, மடமட என இரட்டித்து வருவனவற்றிற்குத் தொல்காப்பியர் கிளவியாக்கத்துள் இடம் தந்தார். அவை குழந்தையின் வாயில் உடனே ஏறுவன, செவிக்கும் படமாவன.

வழக்கு மொழியைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். மூன்று வயதுக் குழந்தை கேட்டறிந்தது வீட்டுத் தமிழ். ‘அவன் வினவினான்’ என்னும் நடை அதன் செவிக்கு அயல். கதை கூறும் தொடரை எளிய எழுத்து நடையிலும், பாத்திரங்களின் பேச்சைப் பேச்சு நடையிலும் அமைப்பது பொருந்தும். நகை பெரும்பாலும் பேச்சிலேயே பிறத்தலின், அதனைச் செம்மைப்படுத்தப் புகுவோர் நகையை இழப்பர்.

5. நீதி என்னும் இறுதி வரி

இறுதியாக, இறுதி வரி பற்றிய வினா. நகைநூலின் முடிவில் ஒரு நீதியைச் சேர்க்கும் வழக்கம் நம்மிடை வேரூன்றியது. நகை மட்டும் குழந்தைக்கு என்ன தரும் என்று வினவுவோர் உளர். அவர் கவலை பொருளற்றதன்று. கற்பித்தலைக் கடமையாகக் கொண்ட மொழி நம்மொழி. ஆனால், ஆறாம் ஆளைக் கண்டுபிடித்த குழந்தை ஒன்றைக் கற்றே இருக்கின்றது. பிறர் உறுதியாகக் கூறுவதும் தவறாகலாம், தான் எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்பதே அது. இதனை நீதியாக எழுதிவிட்டால், அதுவும் பிறர் கூறுவதாகிவிடும். கூறியதைக் கொண்டு விடாது பற்றும் மடனையே நாம் கற்பித்தவராவோம்.

ஆகவே, குழந்தைக்கு நகைநூல் எழுதுவோர் தம் வரைவினை முடித்தபின், படம் காட்டுவதைக் கூறும் சொற்களை ஒவ்வொன்றாக அடித்துவிட்டு, எஞ்சியதை ஒரு குழந்தையின் முன் உரக்கப் படித்துப் பார்த்தல் நன்று. குழந்தை குறுக்கிட்டுக் கூவும் இடங்களில் நூல் நிறைவுற்றது எனக் கொள்க.