எண்ணிம வரைபடத் தரவுகளின் நம்பகத்தன்மையும் தொகுதிச் சங்கிலித் தொழில்நுட்பமும்

ஆய்வுச் சுருக்கம்

தாளில் வரைந்த படத்தைத் திருத்தினால் அழித்த தடம் எஞ்சும். எண்ணிம வரைபடத்தில் திருத்தம் தடமின்றி நிகழக்கூடும். பிளாக்செயின் எனப்படும் தொகுதிச் சங்கிலி இக்குறையை எந்த அளவுக்கு நீக்கும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. பதிவுக்குப் பின் ஒரு வரைபடம் மாறியதா என்பதைச் சங்கிலி காட்டும். அவ்வரைபடம் சரியானதா என்பதைக் காட்டாது. இவ்வேறுபாடே கட்டுரையின் மையக் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: எண்ணிம வரைபடம், தொகுதிச் சங்கிலி, ஹாஷ் மதிப்பு, புலப்படம், சீர்வடிவம்.

முன்னுரை

தமிழகத்தில் நில எல்லைகளுக்கு அடிப்படை ஆவணமாக விளங்குவது புலப்படம். எல்லைக் கற்களின் இருப்பிடமும் அவற்றுக்கு இடைப்பட்ட அளவுகளும் அதில் குறிக்கப்பெறும். தாளில் இருந்த இப்படங்கள் இன்று எண்ணிம வடிவில் இணையவழியாகவும் வழங்கப்படுகின்றன. இத்தகைய படத்தைப் புவி ஆயத்தொலைவுகளுடன் இணைக்கும்போது எல்லை என்பது எண்களின் பட்டியலாகிவிடுகிறது. பாகைக் கணக்கில் ஐந்தாம் தசம இலக்கத்தில் ஒன்று கூடினால் அல்லது குறைந்தால், நிலத்தில் ஏறத்தாழ 1.1 மீட்டர் இடம்பெயரும். சிறு நிலவுடைமையாளர் ஒருவருக்கு அந்த ஒரு மீட்டர், கிணற்றுக்குச் செல்லும் வழியாக இருக்கலாம். ஆகவே, இன்று காணும் படம் அன்று அளந்து பதிந்த படமே என்பதற்குச் சான்று தேவைப்படுகிறது.

ஹாஷ் மதிப்பும் சங்கிலியும்

எந்தக் கோப்பையும் எஸ்.எச்.ஏ-256 என்னும் கணிப்புமுறைக்கு உட்படுத்தினால் 256 பிட் நீளமுள்ள ஒரு மதிப்பு கிடைக்கும். அதனை 64 பதினறும எண்குறிகளால் எழுதலாம். கோப்பில் ஓர் இலக்கம் மாறினும் இம்மதிப்பு முற்றிலும் வேறாகும். தொகுதிச் சங்கிலியில் ஒவ்வொரு தொகுதியும் முந்தைய தொகுதியின் ஹாஷ் மதிப்பைத் தன்னுள் கொண்டிருக்கும். எனவே பழைய பதிவு ஒன்றைத் திருத்துவோர், அதற்குப் பின்வந்த தொகுதிகள் அனைத்தையும், பல கணினிகளில் உள்ள படிகளோடு சேர்த்துத் திருத்த வேண்டியிருக்கும்.

இக்கருத்து பிட்காயினுக்கு முற்பட்டது. ஆவணங்களுக்குக் கால முத்திரையிடும் முறையை ஹேபரும் ஸ்டார்னெட்டாவும் 1991-இல் முன்வைத்தனர். சதோஷி நகமோட்டோவின் 2008-ஆம் ஆண்டுக் கட்டுரை அதனை நடுவண் காப்பாளர் இல்லாத வலையமைப்பாக விரித்தது.

பதிய வேண்டியதும் வேண்டாததும்

வரைபடக் கோப்புகளையே சங்கிலியில் ஏற்றுவது பொருந்தாது. செயற்கைக்கோள் படங்கள் அளவில் மிகப் பெரியவை. உரிமையாளர் விவரங்களோ பின்னர் அழிக்க இயலாத இடத்தில் பொதுவெளியில் வைக்கத் தகாதவை. கோப்புகள் வழக்கமான தரவுத்தளத்திலேயே இருக்க, அவற்றின் ஹாஷ் மதிப்பை மட்டும் பதிவதே தக்கது. 1,024 புலப்படங்களின் மதிப்புகளை மெர்க்கிள் மரமாக இணைத்து, அதன் உச்சி மதிப்பை மட்டும் பதியலாம். பின்னர் அவற்றுள் ஒரு படத்தைச் சரிபார்க்க, அதன் மதிப்புடன் மேலும் 10 இடைமதிப்புகள் போதும். ஜார்ஜியா நாடு 2016-இல் தொடங்கிய நிலப் பதிவுத் திட்டத்தில் உரிமைப் பத்திரங்களின் ஹாஷ் மதிப்புகள் பிட்காயின் பொதுச் சங்கிலியில் பதியப்பட்டன.

கையொப்பம் போதாதா?

மின்னணுக் கையொப்பமே போதுமே என்னும் வினா இங்கு எழும். வெளியார் திருத்துவதைக் கண்டறியக் கையொப்பம் போதும். ஆனால் காப்பாளரே படத்தைத் திருத்தி, மீண்டும் கையொப்பமிட்டு, பழைய நாளைக் குறித்தால் அதைக் கையொப்பம் மட்டும் வெளிப்படுத்தாது. தொகுதிச் சங்கிலியின் தேவை இந்த இடத்தில்தான் பிறக்கிறது. ஆகவே ஒரே அலுவலகம் தன் கணினிகளில் மட்டும் நடத்தும் சங்கிலியால் பயன் மிகக் குறைவு. வருவாய்த்துறை, பதிவுத்துறை, நீதிமன்றம் போன்ற தனித்தனி அமைப்புகள் படிகளைக் காக்க வேண்டும். அன்றேல் உச்சி மதிப்பைப் பொதுச் சங்கிலியில் பதிய வேண்டும்.

சீர்வடிவச் சிக்கல்

ஹாஷ் மதிப்பு கோப்பின் எழுத்துகளையே அறியும்; நிலத்தை அறியாது. ஒரே வயலின் பலகோணத்தை எந்த முனையிலிருந்தும் எழுதத் தொடங்கலாம். 2016-இல் வெளியான ஜியோஜேசன் தரநிலை, வெளிவளையத்தை இடஞ்சுழியாக எழுதுமாறு கூறுகிறது. எந்த முனையில் தொடங்குவது என வரையறுக்கவில்லை. தொடக்க முனையோ தசம இலக்கங்களின் எண்ணிக்கையோ மாறினால், வயல் மாறாதபோதும் ஹாஷ் மதிப்பு மாறிவிடும். அப்போது நேர்மையான கோப்பும் போலியாகத் தோன்றும். எனவே ஆய முறைமை, தசம இலக்கங்கள், தொடக்க முனை, சுற்றும் திசை ஆகியவற்றை வரையறுக்கும் சீர்வடிவம் ஒன்று பதிவுக்கு முன்பே தேவை.

வரம்புகள்

2018 ஆகஸ்டில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவில் நியூயார்க் நகரின் பெயர் இழிசொல்லாக மாற்றப்பட்டிருந்தது பல செயலிகளில் வெளிப்பட்டது. தன்னார்வலர்கள் மூலத்தில் அதனை முன்னரே திருத்தியிருந்தும், பிழையான படி மேப்பாக்ஸ் நிறுவனத்தின் வழியாகப் பரவியது. அப்பிழையான படியைச் சங்கிலியில் பதிந்திருந்தால், அதுவும் ‘மாறாத படி’ என்றே சான்று பெற்றிருக்கும். நில அளவர் கல்லைத் தவறாகக் குறித்தாலும் நிலை இதுவே. ஆகவே பிழை திருத்தத்திற்கும் வழி வேண்டும். பழைய பதிவை நீக்காமல், திருத்திய பதிப்பையும் காரணத்தையும் ஆணை எண்ணையும் புதிய பதிவாகச் சேர்ப்பதே முறை.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி, மின்னணு ஆவணத்துடன் அளிக்கும் சான்றிதழில் ஹாஷ் மதிப்பு இடம்பெறுகிறது. அம்மதிப்பு எந்நாளில் இருந்தது என்பதற்கான தனிச் சான்றைச் சங்கிலி சேர்க்கக்கூடும்.

முடிவுரை

தொகுதிச் சங்கிலி நில அளவைக்கு மாற்றன்று. அளவையின் முடிவைக் காக்கும் சாட்சியே ஆகும். சாட்சியின் மதிப்பு, அது எதைக் கண்டது என்பதைப் பொறுத்தது. எனவே களத்தில் சரியான அளவை, பதிவுக்கு முன் சீர்வடிவம், ஒருவர் கையில் அடங்காத காப்பு ஆகிய மூன்றும் அமைந்த பின்னரே இத்தொழில்நுட்பம் எல்லையோரத்து உழவருக்கு உண்மையான பாதுகாப்பாகும்.