டிஸ்னி வேர்ல்ட்: எதை முன்பே முடிவு செய்வது, எதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்வது

ஃபுளோரிடாவில் ஒர்லாண்டோவுக்கு அருகே 1971 அக்டோபர் 1 அன்று திறந்த வால்ட் டிஸ்னி வேர்ல்டை ஒரே ஒரு பூங்கா என்று நினைத்துப் போகிறவர்கள் முதல் நாளே திகைத்துப்போவார்கள். மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ், அனிமல் கிங்டம் என்று நான்கு பெரிய பூங்காக்கள், இரண்டு நீர்ப்பூங்காக்கள், வரிசையாக ஹோட்டல்கள் எல்லாம் ஏறக்குறைய 100 சதுர கிலோமீட்டரில் பரந்து கிடக்கின்றன. மேஜிக் கிங்டமுக்குக் காரில் போனால் வாசலில் இறங்க முடியாது. ஏரிக்கு இக்கரையில் காரை விட்டுவிட்டு, மோனோரயிலிலோ படகிலோ அக்கரை சேர வேண்டும். காரை நிறுத்தியதிலிருந்து பூங்காவுக்குள் கால் வைக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆவது சாதாரணம்.

இவ்வளவு பெரிய இடத்துக்கு, இவ்வளவு பணம் செலவழித்துப் போகிறோம் என்ற பதற்றத்தில் சிலர் நிமிடக் கணக்கில் அட்டவணை போட்டுக்கொண்டு கிளம்புகிறார்கள். 9.10க்கு இந்த ரைடு, 9.45க்கு அந்த ரைடு, 11.20க்குச் சாப்பாடு. வேறு சிலர் விடுமுறைக்குப் போய்விட்டு அங்கேயும் கடிகாரத்தைப் பார்ப்பதா என்று எதுவும் யோசிக்காமல் போய் இறங்குகிறார்கள். முதல் குடும்பத்தில், வழியில் பார்த்த பேண்டு வாத்தியக் குழுவைக் கேட்க நின்ற குழந்தையைக் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். இரண்டாவது குடும்பம் கடும் வெயிலில் ஒன்றரை மணி நேர வரிசையில் நிற்கிறது. இரண்டு கஷ்டமும் தேவையில்லாதவை.

இரண்டுக்கும் நடுவில் எங்கே கோடு போடுவது என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி ஒரே ஒரு கேள்விதான்: இதை நான் இப்போதே முடிவு செய்யாவிட்டால், வேறொருவர் கைக்குப் போய்விடுமா? போய்விடும் என்றால் முன்பே பிடித்து வைக்க வேண்டும். போகாது என்றால் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். இந்தக் கேள்வியோடு பார்த்தால், முன்கூட்டி முடிவு செய்ய வேண்டியவை விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான்.

முதலாவது, எந்த வாரம் போவது என்பது. 2018 முதல் டிக்கெட் விலை தேதிக்குத் தேதி மாறுகிறது. கிறிஸ்துமஸ் வாரத்தில் உச்சத்தில் இருக்கும். அமெரிக்கப் பள்ளிகள் திறந்தபின், ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் கூட்டம் குறையும். ஆனால் அதே வாரங்கள்தான் அட்லாண்டிக் சூறாவளிகளுக்கும் உச்சக் காலம். இதில் உங்கள் பிள்ளைகளின் பள்ளி விடுமுறைதான் பெரும்பாலும் தீர்ப்புச் சொல்லும். அதிகம் யோசித்துப் பயனில்லை.

இரண்டாவது, உட்கார வைத்துப் பரிமாறும் உணவகங்கள். இவற்றுக்கு 60 நாட்களுக்கு முன்பே முன்பதிவு தொடங்குகிறது. சிண்ட்ரெல்லா கோட்டைக்குள் இருக்கும் உணவகம், எப்காட்டில் விண்வெளியில் இருப்பதுபோல் அமைத்திருக்கும் ஸ்பேஸ் 220 போன்றவற்றில் நல்ல நேரம் வேண்டுமென்றால் அந்த முதல் நாளே முயல வேண்டும். ஆனால் எல்லா வேளைக்கும் இப்படி இடம் பிடிக்க ஆரம்பித்தால் உங்கள் நாளை உணவகங்கள்தான் நடத்தும். பூங்காவின் ஒரு கோடியில் இருக்கும்போது மறுகோடியில் மேசை காத்திருக்கும். பயணம் முழுவதற்கும் ஆசைப்பட்ட ஓரிரண்டு உணவகங்கள் போதும். மற்ற வேளைகளுக்கு நாமே எடுத்துச் சாப்பிடும் உணவகங்கள் நிறைய உண்டு. டிஸ்னியின் ஆப்பிலேயே ஆர்டர் கொடுத்துவிட்டுப் போகலாம். மரக்கறி உணவு எங்கே கிடைக்கும் என்பதையும் ஆப்பில் உள்ள உணவுப் பட்டியலிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, வரிசை. இதைத்தான் சற்று நிதானமாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

ஒவ்வொரு பெரிய ரைடுக்கும் இரண்டு வாசல்கள். ஒன்று எல்லோரும் நிற்கும் வரிசை. இன்னொன்று லைட்னிங் லேன், பணம் கட்டி நேரம் குறித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு. திருப்பதியில் சர்வ தரிசன வரிசையும் 300 ரூபாய்ச் சிறப்பு தரிசனமும் தனித்தனியாகப் போய் ஓரிடத்தில் சேர்வதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். சேரும் இடத்தில் நிற்கும் ஊழியர் லைட்னிங் லேனில் வருகிறவர்களுக்கே முன்னுரிமை கொடுத்து அனுப்புவார். அதனால்தான் பொது வரிசை சில சமயம் அசையாமலே நிற்பதுபோல் தோன்றுகிறது.

இந்த ஏற்பாடு 1999இல் ஃபாஸ்ட்பாஸ் என்ற பெயரில் இலவசக் காகிதச் சீட்டாகத் தொடங்கியது. பிறகு கைப்பட்டையிலும் ஃபோனிலும் வந்தது. 2021இல் ஜீனி பிளஸ் என்ற பெயரில் கட்டணச் சேவையாகி, 2024 ஜூலையில் லைட்னிங் லேன் மல்டி பாஸ், சிங்கிள் பாஸ் என்று மாறியது. ஐந்து வருடத்துக்கு முன் போய்வந்த நண்பர் சொல்லும் யோசனை இன்று பயன்படாமல் போவதற்குக் காரணம் இதுதான். கிளம்புவதற்கு முன் டிஸ்னியின் தளத்தில் அன்றைய விதியைப் பார்த்துவிடுங்கள்.

2024இல் வந்த முறைப்படி, டிஸ்னியின் ஹோட்டலில் தங்குகிறவர்கள் பயணத்துக்கு 7 நாள் முன்பும், மற்றவர்கள் 3 நாள் முன்பும் மல்டி பாஸ் வாங்கி மூன்று ரைடுகளுக்கு நேரம் குறிக்கலாம். முதலாவதில் ஏறியதும் அடுத்ததற்கு நேரம் எடுக்கலாம். மேஜிக் கிங்டமின் ட்ரான், எப்காட்டின் காஸ்மிக் ரீவைண்ட், ஹாலிவுட் ஸ்டுடியோஸில் ஸ்டார் வார்ஸ் உலகத்தை வைத்துக் கட்டிய ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸ், அனிமல் கிங்டமில் அவதார் படத்தை வைத்துக் கட்டிய ஃப்ளைட் ஆஃப் பாசேஜ் போன்றவற்றுக்குச் சிங்கிள் பாஸ் தனியாக வாங்க வேண்டும். விலை நாளுக்கு நாள் மாறும்.

எல்லா நாளும் மல்டி பாஸ் வாங்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. மேஜிக் கிங்டமில் ரைடுகள் அதிகம், மல்டி பாஸ் நன்றாகவே உதவும். அனிமல் கிங்டமில் பெரிய ரைடுகளே குறைவு. காலையில் சீக்கிரம் போனால் அதில்லாமலே சமாளித்துவிடலாம். டிஸ்னி ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கு எல்லாப் பூங்காவிலும், எல்லா நாளும், திறப்பதற்கு 30 நிமிடம் முன்பே அனுமதி உண்டு. அந்த அரை மணி நேரத்திலும் அடுத்த ஒரு மணி நேரத்திலும் ஏறிவிட்ட ரைடுகளுக்கு மதியம் நிற்கும் வரிசையைப் பார்த்தால், அதிகாலையில் எழுந்த களைப்பு பெரிதாகத் தெரியாது.

இந்தக் கணக்கை ஒருவர் ஆராய்ச்சியாகவே எடுத்துக்கொண்டார். பாப் செலிங்கர் 1985இல் தொடங்கிய ‘அன்அஃபிஷியல் கைடு’ என்ற டிஸ்னி வேர்ல்ட் வழிகாட்டியின் இன்றைய ஆசிரியர்களில் ஒருவரான லென் டெஸ்டா, ரைடுகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக எந்த ஒழுங்கில் போனால் மிகக் குறைவாகக் காத்திருக்கலாம் என்பதைத் தன் முதுநிலைப் பட்ட ஆய்வுக்கே பொருளாக எடுத்தார். பல ஊர்களுக்குப் போக வேண்டிய விற்பனையாளர் எந்த வழியில் போனால் தூரம் குறையும் என்ற பழைய கணிதப் புதிரின் இன்னொரு வடிவம் இது. இங்கே கூடுதல் சிக்கல், நேரம் போகப் போக ஒவ்வொரு ரைடின் காத்திருப்பும் மாறிக்கொண்டே இருப்பது. கணினிக்கே கடினமான கணக்கு. நாம் வீட்டு மேசையில் நாள் முழுவதற்கும் போடும் அட்டவணை பத்தரை மணிக்குள் கலைந்துபோவதில் ஆச்சரியமில்லை.

ஆகவே திட்டத்தைக் காலையோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். முதல் இரண்டு மூன்று மணி நேரத்துக்குத் தெளிவான வரிசை வைத்துக்கொள்ளுங்கள். மதியத்துக்கு மேல் குறித்து வைத்த ஓரிரு நேரங்களைத் தவிர வேறெதுவும் வேண்டாம்.

அதற்கு வானிலையும் ஒரு காரணம். கோடையில் மத்திய ஃபுளோரிடாவில் பிற்பகல் இடிமழை கிட்டத்தட்ட அன்றாட நிகழ்ச்சி. இரண்டு பக்கக் கடற்கரையிலிருந்தும் உள்ளே வரும் ஈரக் காற்று நடுவில் மோதி மேலெழும்பி மேகமாகிறது. மின்னல் அருகில் வந்ததும் ஸ்லிங்கி டாக் டாஷ், செவன் ட்வார்ஃப்ஸ் மைன் ட்ரெயின் போன்ற திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். அட்டவணையை நம்பி வந்தவர்கள் வாசலில் நின்று ஃபோனைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். மழை எப்படியும் வரும் என்று நினைத்து வந்தவர்கள் ஹான்டட் மேன்ஷனுக்குள்ளோ, 1964 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காகச் செய்து பிறகு இங்கே கொண்டுவந்த கேரசல் ஆஃப் ப்ராக்ரெஸ் அரங்குக்குள்ளோ போய்விடுவார்கள். நேரம் குறித்து வைத்திருந்த ரைடு நின்றுபோனாலும் பாஸ் வீணாகாது. பிறகு வந்து ஏறவோ, வேறு சில ரைடுகளில் பயன்படுத்தவோ விடுவார்கள். பெரும்பாலும் மழை ஒரு மணி நேரத்தில் விட்டுவிடும். அதற்குள் பாதிக் கூட்டம் ஹோட்டலுக்குத் திரும்பியிருக்கும்.

இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் முக்கியம். இந்தப் பூங்காக்களை மனம்போன போக்கில் நடப்பதற்கென்றே கட்டியிருக்கிறார்கள். வால்ட் டிஸ்னி 1955இல் கலிஃபோர்னியாவில் திறந்த டிஸ்னிலாண்டில், வாசலிலிருந்து ஒரு தெரு, தெருமுனையில் கண்ணை இழுக்கும் கோட்டை, கோட்டைக்கு முன் ஒரு வட்டம், அங்கிருந்து பிரியும் பாதைகள் என்று அமைத்தார். ஃபுளோரிடா பூங்காவைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. 1966 டிசம்பரில் காலமானார். அண்ணன் ராய் டிஸ்னி முன்னின்று முடித்த மேஜிக் கிங்டமிலும் அதே அமைப்புதான். 189 அடி உயரக் கோட்டை பல இடங்களிலிருந்து தெரிவதால் வழி தவறும் பயமில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் ஏதோ ஒன்று கூப்பிடும். தலை குனிந்து ஃபோனைப் பார்த்தபடி அடுத்த ரைடுக்கு ஓடுகிறவர்கள் கொடுத்த பணத்தில் பாதியைப் பார்க்காமலே விட்டுவிடுகிறார்கள்.

எப்காட்டில் இது இன்னும் பொருந்தும். ஏரியைச் சுற்றி மெக்சிகோ, நார்வே, ஜப்பான், மொராக்கோ என்று 11 நாடுகளின் கட்டடங்கள். ஒரு சுற்று சுமார் 2 கிலோமீட்டர். இதற்கு அட்டவணை போடவே கூடாது. எங்கே பாட்டுக் கேட்கிறதோ அங்கே நின்று, எது மணக்கிறதோ அதை வாங்கிச் சாப்பிட்டு, மாலை முழுவதும் நடக்கலாம்.

அமெரிக்காவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பலரும் ஊரிலிருந்து பெற்றோர் வந்திருக்கும்போது அவர்களையும் அழைத்துக்கொண்டுதான் ஒர்லாண்டோ போகிறார்கள். தாத்தா பாட்டிக்கு ரோலர் கோஸ்டர் வேண்டாம், ஆனால் பெஞ்சில் உட்கார்ந்து பைகளைக் காவல் காக்கவும் அவர்கள் வரவில்லை. எப்காட்டில் லிவிங் வித் தி லேண்ட் என்ற படகுப் பயணம் நிஜமான பசுமைக்குடில்களுக்கு உள்ளேயே போகிறது. மண்ணில்லாமல் காய்கறி விளைவதைப் பற்றி நிதானமாகப் பேச ஆள் கிடைத்தால் விவசாயக் குடும்பத்துப் பெரியவர்கள் இறங்கவே மனமில்லாமல் இறங்குவார்கள். அனிமல் கிங்டமில் ஆனந்தபூர் என்ற கற்பனை ஊர் நம் பக்கத்துக் கட்டடக் கலையையும் கடைத்தெருவையும் பார்த்துச் செய்தது. பாழடைந்த அரண்மனைக்குள் புலிகள் உலவும் நடைபாதை அங்கேதான். பக்கத்திலுள்ள அனிமல் கிங்டம் லாட்ஜில் சனா என்ற உணவகத்தில் இந்திய வகை ரொட்டிகளும் தொட்டுக்கொள்ளப் பல சட்னிகளும் வரும், ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி மேயும். பெரியவர்களோடு போகும்போது முன்பதிவு செய்யத் தகுந்த ஓரிரண்டில் இதைச் சேர்த்துக்கொள்ளலாம். பகல் வெளிச்சத்தில் நேரம் எடுங்கள்.

சிறு பிள்ளைகள் இருந்தால் வீட்டிலேயே உயரத்தை அளந்துவிட வேண்டும். ஸ்லிங்கி டாக் டாஷுக்கு 38 அங்குலம், ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸுக்கு 40, ஸ்பேஸ் மவுண்டனுக்கும் ஃப்ளைட் ஆஃப் பாசேஜுக்கும் 44, ட்ரானுக்கு 48. வாசலில் அளவுகோலுக்குக் கீழே நின்றுவிட்ட குழந்தையின் முகத்தைப் பார்க்க யாருக்கும் மனம் தாங்காது. ஊழியர்கள் ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்க மாட்டார்கள், விட்டுக்கொடுக்கவும் கூடாது. ஏற முடியாத குழந்தையோடு ஒருவர் வெளியே இருக்க, மற்றவர் போய்வந்தபின் இவர் மறுபடி முழு வரிசையில் நிற்காமல் ஏற ‘ரைடர் ஸ்விட்ச்’ என்ற வசதி உண்டு. வாசல் ஊழியரிடம் கேட்டால் போதும்.

கிளம்பும் முன் வீட்டில் செய்ய வேண்டிய இன்னொரு காரியம், ஒவ்வொருவரும் தவறவே கூடாத ஒன்றே ஒன்றைச் சொல்வது. ஐந்து பேர் என்றால் ஐந்து விஷயம். நான்கு நாள் பயணத்தில் ஐந்தை நிறைவேற்றுவது எளிது, மீதியெல்லாம் கூடுதல். பட்டியல் இருபதைத் தாண்டினால், பதினைந்து பார்த்தபின்னும் பார்க்காத ஐந்தைப் பற்றியே பேச்சு நடக்கும். எல்லா நாளும் பூங்கா என்றில்லாமல் நடுவில் ஒரு நாளை ஹோட்டல் நீச்சல் குளத்துக்கென்று ஒதுக்குவதும் திட்டத்தில் சேர்த்திதான். ஜூலை வெயிலில் நாளெல்லாம் நடக்கும் குழந்தைகளுக்கு அது அவசியம்.

இரவைப் பற்றி ஒரு குறிப்பு. வாணவேடிக்கை முடிந்ததும் மேஜிக் கிங்டமிலிருந்து எல்லோரும் ஒரே நேரத்தில் மோனோரயிலுக்குப் போவார்கள். அந்த நெரிசலில் போய் நிற்பதற்குப் பதில் இன்னும் மூடாத ஏதாவது ரைடுக்குப் போங்கள். மூடும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பு வரிசைக்குள் நுழைந்துவிட்டாலும் ஏற்றிவிட்டுத்தான் அனுப்புவார்கள். அந்த நேரத்தில் பலகையில் போட்டிருக்கும் காத்திருப்பு பெரும்பாலும் உண்மையைவிடக் கூடுதலாகவே இருக்கும். பூங்கா மூடியபின்னும் மெயின் ஸ்ட்ரீட் கடைகள் சற்று நேரம் திறந்திருக்கும். பேருந்தும் படகும் ஓடும்.