ஊற்ற ஊற்ற ஒழுகும் குடமா குடல்?

பேசாலையில் தாய்மார் குழுவொன்றுடன் வயிற்றோட்டம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். "பிள்ளைக்குத் தண்ணியைக் குடுங்கோ" என்று நான் சொல்லி முடிக்குமுன் ஒரு வயோதிபத் தாய் குறுக்கிட்டார்: "சுவாமி, ஊத்த ஊத்த ஒழுகுது. பிறகேன் ஊத்துவான்?"

நியாயமான கேள்வி. விடை குடலின் அமைப்பில் இருக்கிறது.

மென்ற உணவு களத்தினூடாக இரைப்பைக்கு இறங்கிக் கூழாகிறது. அடுத்தது சிறுகுடல். பெயர்தான் சிறிது, வளர்ந்தவரில் அதன் நீளம் ஏறக்குறைய 6 மீற்றர், கடற்றொழிலாளர் கணக்கில் மூன்று பாகத்துக்கு மேல். பெருங்குடல் ஒன்றரை மீற்றர்தான், அகலம் கூட. ஈரலின் பித்தமும் சதையியின் சாறும் சிறுகுடலின் தொடக்கத்திலேயே வந்து கலக்கின்றன. அதன் உட்சுவரில், துவாயில் நிற்கும் நூல்களைப் போல, ஒரு மில்லிமீற்றர்கூட வராத சடைமுளைகள் இலட்சக்கணக்கில் உள்ளன. சமிபாடடைந்த சத்தும் நீரும் பெரும்பாலும் இவற்றினூடாகவே இரத்தத்தில் சேர்கின்றன.

நாம் குடிப்பது நாளொன்றுக்கு 2 லீற்றர் என்றாலும், உமிழ்நீர், இரைப்பைச் சாறு, பித்தம் என்று உடலே ஊற்றுவதையும் சேர்த்தால் 8, 9 லீற்றர் குடலுக்குள் வருகிறது. சுகதேகியின் குடல் ஏறத்தாழ முழுவதையும் திரும்ப எடுத்துவிடும். வயிற்றோட்டத்தில் அது முடிவதில்லை. ஆகவே ஒழுகுவது நாம் ஊற்றியது மட்டுமல்ல, பிள்ளையின் உடம்புத் தண்ணீர். ஊற்றுவதை நிறுத்தினாலும் அது நிற்காது.

ஆனால் நோயிலும் ஒரு கதவு திறந்தே இருக்கிறது. உப்பும் சீனியும் சேர்ந்து வந்தால் சடைமுளைகள் இரண்டையும் உள்ளே இழுக்கும். தண்ணீர் பின்னாலேயே போகும். 1971இல் வங்கதேச அகதிகள் வந்து குவிந்த இந்திய எல்லையூரான பொங்கானில் கொலரா பரவியபோது, ஊசிமூலம் ஏற்றும் சேலைன் தீர்ந்துபோக, வைத்தியர் திலீப் மகலனாபிஸ் இந்தக் கரைசலையே குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு 30 பேரளவில் இருந்த சாவு 4 பேருக்கும் குறைந்தது. மடுவில் அகதிகளாய் இருந்த எம்மவருக்கு அந்த முகாமை விளக்கத் தேவையில்லை.

ஜீவனி கிடைத்தால் அதுவே நல்லது. பொதியில் சொன்ன அளவு தண்ணீரில் கரையுங்கள். கிடைக்காவிட்டால், கொதித்தாறிய 1 லீற்றர் நீருக்கு மட்டமாக 6 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. கூட்டிப் போடுவது ஆபத்து. தீவில் பல கிணறுகள் உவர். அந்த நீரில் உப்பு ஏற்கெனவே உண்டு, நல்ல தண்ணீரையே எடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தவேண்டாம். கண் குழிந்தால், பிள்ளை சோர்ந்து குடிக்க மறுத்தால், மலத்தில் இரத்தம் கண்டால் உடனே ஆஸ்பத்திரி.

"பனங்கட்டி போடலாமோ, சுவாமி?" என்று அந்தத் தாய் கடைசியாகக் கேட்டார். அதிலும் சீனிதான், ஆனால் கரண்டியால் அளக்க முடியாதே என்றேன். பனங்கட்டி கடித்துத் தேத்தண்ணீர் குடிக்கும் அவருக்கு அந்தப் பதில் அவ்வளவாகப் பிடிக்கவில்லை.