ஒரு பவுண்டுக்கு ஒரு பந்தய அணி

ஃபார்முலா ஒன்னை விட்டு விலகும் முடிவைப் பந்தயக்காரர்கள் எடுப்பதில்லை. அந்தக் காலாண்டில் எத்தனை கார் விற்றது என்ற தாளை முன்னால் வைத்துக்கொண்டு தலைமையகத்தில் எடுக்கிறார்கள். அணிக்குத் தகவல் கடைசியில்தான் வரும். அதன்பின் நடப்பவை ஏறக்குறைய ஒரே வரிசையில் நடக்கின்றன. அந்த வரிசையைப் பார்க்க 2008இல் ஹோண்டா விலகிய கதையே போதும். எல்லாப் படிகளும் மூன்று நான்கு மாதத்துக்குள் அடுத்தடுத்து வந்துவிட்டன.

முதலில் கணக்கு. அந்த செப்டம்பரில் அமெரிக்க வங்கி லேமன் பிரதர்ஸ் விழுந்தது. அமெரிக்காவில் கார் விற்பனை படுத்துவிட்டது. ஹோண்டா ஆலைகளில் உற்பத்தியைக் குறைத்துக்கொண்டிருந்தது. அதே நேரம் இங்கிலாந்தின் பிராக்லியில் எழுநூறுக்கு மேற்பட்டவர்களை வைத்து, ஆண்டுக்குச் சுமார் 50 கோடி டாலர் விழுங்குவதாகப் பேசப்பட்ட ஒரு அணியை நடத்தியது. மூன்று சீசனில் அந்த அணி வென்றது ஒரே பந்தயம்: 2006 ஹங்கேரியில் ஜென்சன் பட்டன். 2008இல் 14 புள்ளிகளோடு ஒன்பதாம் இடம். இந்தக் கணக்கைப் பங்குதாரர் முன் வைத்து நியாயப்படுத்த எந்தத் தலைவராலும் முடியாது.

அடுத்தது நேரம் பார்ப்பது. பொதுவாக சீசன் முடிந்த கையோடு, அடுத்த ஆண்டுச் செலவு தொடங்குமுன் சொல்லிவிடுவார்கள். பி.எம்.டபிள்யூ அதுவரைகூடக் காத்திருக்கவில்லை. 2009இல் அணிகள் எல்லாம் 2012 வரை போட்டியில் தொடர உறுதி தரும் கான்கார்ட் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவிருந்த நேரம். அதற்குச் சில நாள் முன்பு, ஜூலை 29ஆம் தேதி, விலகுகிறோம் என்று அறிவித்து, கையெழுத்துப் போடாமலே வெளியே வந்தது. டொயோட்டா கையெழுத்துப் போட்டுவிட்டு மூன்று மாதத்தில் விலகியது; அதனால் அதன் சட்ட நிலை என்ன என்று சர்வதேச மோட்டார் சம்மேளனம் கேட்கவேண்டி வந்தது.

பிறகு அறிவிப்பு. ஹோண்டா தலைவர் தகேயோ ஃபுகுய் 2008 டிசம்பர் 5ஆம் தேதி டோக்கியோவில் பொருளாதார நெருக்கடியைக் காரணமாகச் சொன்னார். பணம் இல்லை என்பதைப் பணம் இல்லை என்றே சொன்ன அந்த நேர்மை அபூர்வம். பி.எம்.டபிள்யூ சுற்றுச்சூழலையும் எதிர்காலத் தொழில்நுட்பத்தையும் பேசியது. இடையில் திரும்பி வந்திருந்த ஹோண்டாவே 2020இல் மறுபடி விலகல் அறிவித்தபோது 2050க்குள் கார்பன் சமநிலை என்றது. டொயோட்டாவின் செய்தியாளர் கூட்டத்தில் மட்டும் எந்த அறிக்கையும் எடுபடவில்லை. அணித் தலைவர் தடாஷி யமாஷினா எல்லோர் முன்னும் அழுதுவிட்டார். எட்டு சீசன், ஒரு வெற்றிகூட இல்லை.

இதற்குள் அணியில் இருப்பவர்களுக்கு வேறு கவலை. மூடுவதா, விற்பதா? அன்றைய பிரிட்டிஷ் சட்டப்படி நூறு பேருக்கு மேல் வேலையிலிருந்து அனுப்பினால் தொண்ணூறு நாள் முன்பே கலந்தாலோசனை தொடங்கவேண்டும். இழப்பீடு, பாதியில் நிற்கும் ஒப்பந்தங்கள், சப்ளையர் பாக்கி என்று மூடுவதற்கே பெரும் செலவு பிடிக்கும். அணியை இலவசமாகக் கொடுத்து, கூடவே கொஞ்சம் பணமும் கொடுத்தனுப்புவது அதைவிட மலிவு. ஃபோர்டு 2004இல் ஜாகுவார் அணியை ரெட் புல்லுக்கு ஒரு டாலருக்குத் தந்ததாகச் செய்தி வந்ததன் சூட்சுமம் இதுதான். பிராக்லியிலும் அதுவே நடந்தது. வெளியே ஆள் தேடியும் சரியாக அமையாமல், அணியின் பொறுப்பில் இருந்த ராஸ் பிரானும் நிக் ஃப்ரையும் சகாக்களோடு சேர்ந்து ஒரு பவுண்டுக்கு வாங்கினார்கள். 2009க்கான செலவின் பெரும்பகுதியை ஹோண்டாவே கொடுத்தது. வரதட்சணை போட்டு அனுப்பிய மாதிரி.

வருகிறவர் யார் என்று பார்க்காமல் விற்றால் என்ன ஆகும் என்பதற்கு பி.எம்.டபிள்யூ சாட்சி. உரிமையாளர்கள் யார் என்றே தெளிவாகத் தெரியாத கட்பாக் என்ற நிறுவனத்துக்கு விற்பதாக அறிவித்து, அது கைகூடாமல், கடைசியில் பழைய உரிமையாளர் பீட்டர் சாபரே திரும்ப வாங்கினார். காகித வேலைகள் முடியாததால் 2010இல் அந்தக் கார்கள் ஃபெராரி எஞ்சினோடு ‘பி.எம்.டபிள்யூ சாபர்’ என்ற பெயரிலேயே ஓடின. விலகிப்போன நிறுவனத்தின் பெயர், போட்டி நிறுவனத்தின் எஞ்சின்!

விற்பனையை விடக் கடினமான படி எஞ்சின். நிறுவனம் போகும்போது எஞ்சினும் போய்விடும். ஆனால் அடுத்த ஆண்டுக்கான கார் அந்த எஞ்சினைச் சுற்றித்தான் வரையப்பட்டிருக்கும். ஃபார்முலா ஒன் காரில் எஞ்சின் ஒரு சட்டத்துக்குள் உட்காருவதில்லை. ஓட்டுநர் அமரும் கூட்டின் பின்சுவரில் நேரடியாகப் போல்ட் போடப்படுகிறது. அதன் பின்னால் கியர்பாக்ஸ், அதில் பின்சக்கரங்கள். எஞ்சினே எலும்பு. ஹோண்டாவுக்காக வரைந்த கூட்டில் மெர்சிடிஸ் எஞ்சினைப் பொருத்த, கூட்டின் பின்பகுதியை வெட்டவேண்டியிருந்தது. கிராங்க் ஷாஃப்ட்டின் உயரம் வேறு என்பதால் கியர்பாக்ஸும் இருக்கவேண்டிய உயரத்தில் இல்லை. இந்த எஞ்சினும் சும்மா கிடைத்துவிடவில்லை. மெர்சிடிஸின் கூட்டாளி அணியான மெக்லாரன் சம்மதிக்கவேண்டும். அதன் தலைவர் மார்ட்டின் விட்மார்ஷ் சம்மதித்தார். அந்த ஆண்டுப் பட்டத்துக்கான போட்டியில் தன் அணியைத் தோற்கடிக்கப்போகும் காருக்கு வழிவிட்டோம் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

எஞ்சின் சங்கிலி எதிர்பாராத இடத்துக்கும் நீளும். ஃபோர்டு விலகியபோது காஸ்வொர்த் எஞ்சின் கம்பெனியும் கைமாறியது. அந்த எஞ்சினில் ஓடிய ஜோர்டான் அணி 2005க்கு டொயோட்டாவிடம் போனது. நம் கோவை நரேன் கார்த்திகேயன் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநராக உட்கார்ந்தது அந்த டொயோட்டா எஞ்சின் ஜோர்டானில்தான்.

கடைசியாகத் தொழிலாளர். 2009 மார்ச் 6ஆம் தேதி விற்பனை அறிவிக்கப்பட்டது. அதே நாள் கார் சில்வர்ஸ்டோனில் முதன்முதலாக ஓடியது. மார்ச் 29ஆம் தேதி மெல்போர்னில் பட்டனும் அணியின் இன்னொரு ஓட்டுநர் பாரிக்கெல்லோவும் முதல் இரண்டு இடங்களைப் பிடித்தார்கள். அதே சமயத்தில் சுமார் 270 பேரின் வேலை போய்க்கொண்டிருந்தது. உலகம் இதை தேவதைக் கதையாகக் கொண்டாடியதில் எனக்குப் பாதி உடன்பாடுதான். அந்தக் காரை வரைந்து முடித்ததே ஹோண்டாவின் பணத்தில், ஹோண்டாவின் காற்றுச் சுரங்கத்தில். எல்லோரும் வாயைப் பிளந்த, காரின் பின்னடியில் காற்றை வழிநடத்தும் இரட்டை டிஃப்யூசர் ஹோண்டா காலத்திலேயே பிறந்தது. 2009க்கு விதிகள் அடியோடு மாறுவதால் 2008 காரைப் பாதியிலேயே கைவிட்டு, அடுத்த காரில் உழைப்பைக் கொட்டியிருந்தார் பிரான். ஹோண்டா அறுவடைக்கு முன் வயலை விட்டுப் போனது. அந்த ஆண்டு ஓட்டுநர் பட்டமும் அணிப் பட்டமும் பிரான் அணிக்கே. நவம்பரில் மெர்சிடிஸ் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து அதன் பெரும்பங்கை வாங்கியது. 2014 முதல் 2021 வரை எட்டு ஆண்டு தொடர்ந்து அணிப் பட்டம் வென்றது அதே பிராக்லி கட்டடத்திலிருந்துதான். ஜெர்மனியின் கொலோனில் இருந்த டொயோட்டா பட்டறையும் மூடப்படவில்லை. 2018 முதல் 2022 வரை லெ மான்ஸ் 24 மணிநேரப் பந்தயத்தை வென்ற கார்கள் அங்கிருந்து வந்தவை.

இன்று இந்த வரிசை மாறிவிட்டது. 2021இல் செலவுக்கு உச்சவரம்பு வந்தபின் அணி என்பது பணம் தின்னும் வாய் என்ற நிலை போய், விலை ஏறும் சொத்தாகிவிட்டது. ஒரு பவுண்டுக்கு எவரும் விற்கமாட்டார்கள். 2024 செப்டம்பரில் ரெனோ எடுத்த முடிவைப் பாருங்கள். 1977இல் ஃபார்முலா ஒன்னுக்கு முதல் டர்போ எஞ்சினைக் கொண்டுவந்த நிறுவனம், 2025உடன் எஞ்சின் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. எதிர்த்து நின்றவர்கள் பிரான்சில் உள்ள அதன் வீரி-ஷாதியோன் எஞ்சின் ஆலைத் தொழிலாளர்கள். ஆனால் அல்பைன் என்ற தன் அணியை ரெனோ விடவில்லை. அதற்கு ஓராண்டு முன்புதான் அதன் 24 சதவீதப் பங்கை 20 கோடி யூரோவுக்கு விற்றிருந்தது. எஞ்சினை 2026 முதல் மெர்சிடிஸிடம் வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்தது.